படகில் தொங்கிய வெள்ளைச் சட்டை

"அண்ணை, வாத்தை மிதிச்சுப் போடாதேங்கோ."

"நான் எங்கை பிள்ளை மிதிக்கிறன்? அதுகள் எல்லோ என்னைத் திட்டுதுகள்."

உண்மையாகவே திட்டின. படகுத்துறையின் இரும்புக் கதவைத் தாண்டி மிதவைப் பாலத்தில் காலை வைத்ததுதான் தாமதம், முப்பது நாற்பது வாத்துகள் ஒன்றாக எழும்பிக் கத்தத் தொடங்கிவிட்டன. ஓஸ்லோவில் அன்றைக்கு மைனஸ் பதினாலு. 2006 பெப்ரவரி, ஒரு வியாழக்கிழமை, முற்பகல் பதினொன்றே கால். கடல் வெள்ளைத் தரையாக உறைந்து கிடந்தது. படகுகளுக்கு அடியில் மட்டும் மோட்டார்கள் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்ததால் அங்கே கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. அதில் வாசலோர இடத்தை வாத்துகள் தங்கள் பெயருக்கு எழுதி வைத்திருந்தன.

துப்பறிகிறவள் யதுர்ஷா. நாலு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஓஸ்லோவின் குரோருட் பகுதியில் வளர்ந்தவள். காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் கள்ள விபத்துகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்துவிட்டு, இருபத்தேழு வயதில் தனியாக இறங்கியிருக்கிறாள். நான் சிவானந்தன், டாக்சிக்காரன். அவளை ஏற்றி இறக்குவது என் வேலை. இடையிடையே கதைப்பது என் சொந்தச் சேவை. அதற்கு அவள் ஒரு நாளும் நன்றி சொன்னது கிடையாது.

எங்களிடம் இருந்தது இரண்டே முக்கால் மணித்தியாலம். பிற்பகல் இரண்டு மணிக்கு, பக்கத்து நகரமான திராமனின் நீதிமன்றத்தில், யோகலிங்கத்தின் மறியல் காவலை இன்னும் நாலு கிழமை நீட்டுவதா என்று விசாரணை. அவர் துப்புரவு வேலை செய்த கிடங்கு ஒன்று இரண்டு கிழமைக்கு முன் ஒரு வியாழன் பின்னேரம் எரிந்துபோனது. கடைசியாக அதன் கதவுத் திறப்பை வைத்திருந்தவர் அவர்தான். அந்த நேரம் எங்கே இருந்தாய் என்று பொலிஸ் கேட்டதற்கு மனிதன் வாயே திறக்கவில்லை. மனைவி புஷ்பமலர் எங்களிடம் அழுதுகொண்டு ஒரே ஒரு விஷயம் சொன்னாள். வியாழன் தோறும் அவர் ஒரு சட்டி சோறு கறியும் ஒரு கலன் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு எங்கேயோ போவாராம்.

மிச்சத்தை டாக்சிக்காரர் நாங்கள் பார்த்துக்கொண்டோம். ஒரு மாதத்துக்கு முன் அவருடைய கார் பழுதான ஒரு வியாழன், எங்கள் இரத்தினவேல் அவரை இந்தப் படகுத்துறை வாசலில் இறக்கியிருந்தான். 'லூர்துக்குச் சாப்பாடு' என்று அப்போது அவர் வாய் தவறிச் சொல்லியிருக்கிறார். லூர்து யாரென்று, தமிழர் நிறைய இருக்கிற ரொம்சோஸில் விசாரித்தபோது கதை விளங்கியது. அகதி விண்ணப்பம் கடைசி முறையும் மறுக்கப்பட்டு, நாட்டை விட்டுப் போ என்ற கடிதத்தோடு காணாமல் போன ஆள். லூர்து வந்து சாட்சி சொன்னால் யோகலிங்கம் வெளியே வருவார், ஆனால் சொன்ன லூர்து உள்ளே போவார். யோகலிங்கம் வாயை மூடிக்கொண்டிருந்தது அதனால்தான்.

"நாப்பது படகு நிக்குது பிள்ளை. ஒவ்வொண்டாத் தட்டி 'லூர்து இருக்கிறாரோ' எண்டு கேப்பமோ?"

"வயர் இல்லாத படகைப் பாருங்கோ அண்ணை."

நோர்வேக்காரர் பாதிப் படகுகளைக் கரையில் ஏற்றி வைப்பார்கள். மீதியைத் தண்ணீரிலேயே விட்டு, பாய்மரத்தைக் கழற்றி மேலே படுக்கப் போட்டு, அதன் மேல் தார்ப்பாய்ப் படங்கை இழுத்துக் கட்டிவிட்டு ஏப்ரல் வரைக்கும் மறந்துவிடுவார்கள். ஐஸ் இறுக்கிப் பிடிக்காமல் இருக்க, அடியில் ஒரு மோட்டாரைப் போட்டுப் பாலத்துக் கம்பத்திலிருந்து மின்சாரம் கொடுத்திருப்பார்கள். பாலத்தின் கடைசியில் நின்ற பாய்ப்படகுக்கு மட்டும் அது இல்லை. வயர் சுருட்டித் தொங்கியது. ஆனாலும் படகைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர் திறந்திருந்தது.

யதுர்ஷா குனிந்து பார்த்தாள். உடைந்த ஐஸ் துண்டுகள் மிதந்தன, விளிம்பெல்லாம் கூர் மழுங்காமல்.

"மோட்டார் இல்லாமல் ஐஸ் தானா விலகாது. ஆரோ காலமை நிண்டு உடைச்சிருக்கினம்."

அந்த நேரம் பார்த்து அவளுடைய நோக்கியா அடித்தது. யோகலிங்கத்தின் வழக்கறிஞர். இவள் நோர்வேஜிய மொழியில், துறை முழுக்கக் கேட்கும்படி, "ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம், கொண்டு வருகிறோம்" என்று சொன்னாள். பக்கத்தில் நான், கடல்நீல டாக்சி யூனிபோமும் தோளில் பட்டியுமாக விறைத்துப்போய் நின்றேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

படங்கைத் தூக்கிப் பூந்து, வாசல் மூடியைச் சறுக்கி, நாலு ஏணிப்படி இறங்கினோம். உள்ளே வெளியைவிடக் குளிர். கறி வாசம் அடித்தது. ஒரு உறங்கு பை, ஒரு சட்டி, வெறுமையான மண்ணெண்ணெய்க் கலன், மூலையில் ஓடாத ஒரு மின்சார ஹீற்றர். ஆனால் ஆள் இல்லை.

யதுர்ஷா தரையில் இருந்த ஒரு பிளாஸ்ரிக் பெட்டியைத் தூக்கினாள். குளிர்காலத்தில் படகுக்குள் ஈரம் பிடிக்காமல் வைக்கிற உப்புப் பெட்டி அது. விளிம்பு வரை தண்ணீர்.

"வெறும் படகிலை இது இப்படி நிறையாது. ஆக்களின்ரை மூச்சும் சோத்து ஆவியும்தான் நிறைச்சிருக்கு."

"இஞ்சை பாரும், மாப்பிள்ளையும் இருக்கிறார்."

கூரைக் கொளுக்கியில் ஒரு வெள்ளைச் சட்டை தொங்கியது. தோய்த்து, மடிப்பு விழாமல் அழுத்தி, பொலித்தீன் பையால் மூடி. இந்தப் பூஞ்சணக் குகைக்குள் அது ஒன்றுதான் கலியாண வீட்டுக்குப் புறப்பட்டு நின்றது. அதன் பக்கத்தில் தமிழ்க் கடைக் கலண்டர். இன்றைய திகதிக்கு வட்டம் போட்டு, உள்ளே 'இரண்டு' என்று எழுதியிருந்தது.

யதுர்ஷாவின் முகம் இறுகியது. "ரெண்டு மணிக்கு ஜேர்மனிக்குக் கப்பல் வெளிக்கிடுது அண்ணை. ஆள் தப்பி ஓடப் பாக்குது. அதுக்குத்தான் நல்ல சேட்டு."

"பாவி. அங்கை யோகலிங்கம் இவனுக்காக வாயைத் தைச்சுக்கொண்டு இருக்கிறார்."

நான் கழுவுதொட்டிக்குக் கீழே இருந்த அலுமாரியைத் திறந்தேன். ஒரு குழாய், ஒரு வால்வு, வால்வுக்குப் பக்கத்தில் நூலில் கட்டிய ஒரு மரக்குமிழ். "உதென்ன, பம்பரம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான்? பொழுது போகாட்டி விடுறதோ?"

அவள் பதில் சொல்வதற்குள் தலைக்கு மேலே 'டக்' என்றது. வாசல் மூடி சறுக்கி மூடியது. கயிறு இழுபடுகிற சத்தம். நான் படியில் பாய்ந்து ஏறித் தோளால் முட்டினேன். இரண்டு விரல் அளவுக்கு மேல் அசையவில்லை. அந்த இடைவெளியில் நீலக் கயிறு ஒன்று தெரிந்தது.

"முடிஞ்சுது. கிடங்குக்குத் தீ வைச்சவன் எங்களுக்குப் பின்னாலை வந்திட்டான். இனி எங்களுக்கும் வைப்பான். இந்தக் குளிருக்கு ஒரு வகையிலை அது நல்லதுதான்."

"முன்பக்கம் ஒரு மூடி இருக்கு, பாருங்கோ."

பார்த்தேன். அதன் மேல்தான் முழுப் பாய்மரமும் படுத்திருந்தது. சுவரில் இருந்த கண்ணாடி ஒவ்வொன்றும் சாப்பாட்டுக் கோப்பை அளவு. அதற்குள்ளால் என் ஒரு கை போகும், மிச்சம் உள்ளேதான் நிற்கும். எனக்குப் பயம் வந்துவிட்டது. மத்தியானத்துக்கு மீன் பொரிக்கிறேன் என்று மனைவி தேவிகா சொல்லி அனுப்பியிருந்தாள்.

"பொலிசுக்கு அடியும் பிள்ளை."

அவள் போனை எடுத்தாள். அடிக்கவில்லை. ஏனென்றால் அப்போது மூலையில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். ஹீற்றர் ஓடத் தொடங்கியிருந்தது. கம்பிகள் மெல்லச் சிவந்தன.

"கம்பத்திலை வயரைக் கொழுவி விட்டிருக்கினம்," என்றாள் யதுர்ஷா. "அண்ணை, கொல்ல வந்தவன் ஹீற்றர் போட்டு விடுவானோ?"

"நோர்வேக் கொலைகாரன் எண்டால் போடுவான். இஞ்சை கோழிக்கே குளிரக் கூடாதெண்டு சட்டம் இருக்கு."

"எங்களைப் பூட்டினது லூர்து. உங்கடை யூனிபோமையும் பாத்து, நான் நோர்வே மொழியிலை கத்தினதையும் கேட்டு, பொலிஸ் எண்டு நினைச்சிருக்கிறார். கரண்ட் எடுத்தால் ஆள் இருக்கிறது வெளியிலை தெரிஞ்சிடும் எண்டு இவ்வளவு நாளும் விறைச்சுக்கொண்டு கிடந்த மனுசன், நாங்கள் விறைக்கக் கூடாதெண்டு கரண்டைப் போட்டிருக்கிறார்."

"சரி, நல்லவன். ஆனால் ஓடிவிட்ட நல்லவன்."

"ஓடேல்லை. கரைக்குப் போறதுக்கு வாத்துகளைத் தாண்டித்தான் போகோணும். கத்தினதோ?"

காது கொடுத்தேன். ஒரு வாத்தும் மூச்சுக் காட்டவில்லை. அவள் படியில் ஏறி அந்த இரண்டு விரல் இடைவெளியில் வாயை வைத்தாள்.

"லூர்து அண்ணா! நாங்கள் பொலிஸ் இல்லை. புஷ்பமலர் அக்கா அனுப்பி வந்தனாங்கள். நீங்கள் பக்கத்திலைதான் நிக்கிறியள் எண்டு தெரியும்."

அவள் வாயை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள்.

"ரெண்டு மணிக் கப்பலுக்கு வெளிக்கிட்டிருக்கிறியள். அதுவும் தெரியும். உங்களுக்குச் சோறு கொண்டு வந்த மனுசன் பதிமூண்டு நாளா மறியலிலை இருக்கிறார். அவருக்கு ரெண்டு பிள்ளையள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்."

வெளியே பனியில் ஒரு கால் அசைந்தது. அவ்வளவுதான்.

"விசா எடுத்துத் தாறம் எண்டு ஒரு பொய்யைச் சொல்லும்," என்று நான் கிசுகிசுத்தேன். "பேந்து மன்னிப்புக் கேக்கலாம்."

"ஏலாததைச் சொல்ல மாட்டன் அண்ணை. அவருக்கு இதுவரைக்கும் எல்லாரும் அதைத்தான் சொல்லியிருப்பினம்."

அப்படியே கால் மணித்தியாலம் போனது. கை கால் சூடேற, நான் சப்பாத்தைக் கழற்றிக் காலை ஹீற்றருக்கு நீட்டிக்கொண்டு, சிறை என்றால் இப்படி இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கால்மேசு நனைந்தது.

கீழே பார்த்தேன். தரைப் பலகை இடுக்கால் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

யதுர்ஷா கழுவுதொட்டி அலுமாரியைத் திறந்தாள். குழாயில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. அதற்குள்ளால் கடல் பீறிக்கொண்டு வந்தது.

"ஹேர்ரகூட்!" கடவுளைக் கூப்பிடுவதென்றால் அவளுக்கு நோர்வேஜிய மொழிதான் வரும். "குழாய் உறைஞ்சு வெடிச்சிருக்கு. உள்ளை இருந்த ஐஸ்தான் இவ்வளவு நேரமும் அடைச்சு வைச்சிருந்தது. சூடு பட்டு உருகிட்டுது."

நினைத்துப் பாருங்கள். எங்களைக் காப்பாற்றப் போட்ட ஹீற்றர் எங்களை மூழ்கடிக்கப் பார்க்கிறது. அதை நிற்பாட்டினால் விறைத்துச் சாவோம், விட்டால் தண்ணீரில் சாவோம். நான் வால்வைப் பூட்டக் கைப்பிடியைப் பிடித்து முழு பலத்தோடும் திருகினேன். துருப்பிடித்த கைப்பிடி 'படக்' என்று கையோடு வந்துவிட்டது. வால்வு திறந்தபடியே இருந்தது.

"நல்ல வேலை செய்தீங்கள் அண்ணை."

"துணி! துணி ஏதும் எடும்!"

எட்டின கைக்குக் கிடைத்தது அந்த வெள்ளைச் சட்டைதான். உருவி எடுத்துக் குழாயைச் சுற்றி இறுக்கிப் பிடித்தேன். வேகம் குறைந்தது, நிற்கவில்லை. கடல் தண்ணீரின் குளிர் கத்தியாக எலும்பில் ஏறியது. கணுக்கால் மட்டத்துக்கு வந்துவிட்டது.

"இப்பவாவது பொலிசுக்கு அடியும்! என்ன பிள்ளை யோசிக்கிறீர்?"

"அடிச்சால் பத்து நிமிசத்திலை வருவினம். எங்களை எடுப்பினம், அவரையும் அமுக்குவினம். ரெண்டு மணிக்குத் திராமனிலை ஆர் நிப்பினம்?" அவள் படிகளை எண்ணிப் பார்த்தாள். அவளுக்கும் பயம்தான். "தண்ணி ரெண்டாம் படிக்கு வந்தால் அடிப்பன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யோகலிங்கம் என் மாமனா மச்சானா? ஆனால் என் கை சட்டையை விடவில்லை.

"லூர்து அண்ணா, படகுக்குள்ளை தண்ணி வருது!" என்று அவள் மேலே கத்தினாள்.

இந்த முறை ஒரு குரல் வந்தது, பாலத்தின் பக்கமிருந்து. "உந்த விளையாட்டு என்னட்டை வேண்டாம் தங்கச்சி."

"சரி, என்னை நம்ப வேண்டாம். படகிலை ஒரு நீலக் கோடு கீறி இருக்கு. நீங்கள் ஒவ்வொரு நாளும் காலமை அதுக்குப் பக்கத்திலை நிண்டுதானே ஐஸ் உடைக்கிறியள். இண்டைக்கு அது தண்ணிக்கு மேலை எவ்வளவு நிண்டது? இப்ப எங்கை நிக்குது? அதைப் பாத்திட்டு விரும்பினதைச் செய்யுங்கோ."

நான் எண்ணினேன். மூன்று விநாடி. நாலு. பிறகு பாலத்தில் யாரோ ஓடி வரும் சத்தம். கயிறு அறுந்தது, மூடி பறந்தது, ஒரு மனிதன் படியைத் தொடாமலே உள்ளே குதித்தான்.

முப்பத்தைந்து வயது இருக்கும். ஒட்டிய கன்னம், கிழிந்த வேலைச் சட்டை. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத் தள்ளிவிட்டு, இடுப்பிலிருந்த கத்தியால் குழாயை வால்வை ஒட்டி வெட்டினார். நான் பம்பரம் என்று சிரித்த அந்த மரக்குமிழை எடுத்துத் துளைக்குள் செருகி, என் சப்பாத்தாலேயே நாலு அடி அடித்தார். தண்ணீர் நின்றது. அதற்குத்தான் அது அங்கே கட்டியிருந்திருக்கிறது. சுவரில் ஏதோ சுவிட்சைத் தட்டியதும் பம்ப் ஓடத் தொடங்கியது.

"ஆரப்பா இந்த வால்வைத் திறந்து வைச்சது?" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"நான்தான் அண்ணை." அவர் தண்ணீருக்குள்ளேயே படியில் உட்கார்ந்தார். "அர்னே, படகுக்காரர், குளிருக்கு ஸ்பெயினுக்குப் போகேக்கை எல்லாத்தையும் பூட்டச் சொன்னவர். சட்டி கழுவின தண்ணி போக இதை மட்டும் விட்டனான். அடுப்பு எரிஞ்ச மட்டும் ஒண்டும் நடக்கேல்லை. மூண்டு நாளா மண்ணெண்ணெய் இல்லை. நான் பாசையூர்க் கடலிலை பிறந்து வளந்தவன். இஞ்சை கடல் வெளியிலை உறையும் எண்டு பாத்துப் பழகிட்டன். வீட்டுக்குள்ளை வந்தும் உறையும் எண்டு ஆருக்குத் தெரியும்?"

பிறகுதான் அவருடைய கண்ணில் அது பட்டது. தண்ணீரில் கிடந்த சட்டையை எடுத்து மெதுவாகப் பிழிந்தார். கறுப்பு எண்ணெய் வழிந்தது.

"இண்டைக்குப் போடவெண்டு வைச்சிருந்தன்."

"கப்பலுக்கோ?" யதுர்ஷா கேட்டாள்.

"எந்தக் கப்பல்? கோட்டுக்கு, வழக்குக்கு."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

"யோகு அண்ணை போன வியாழன் வரேல்லை. நேற்று வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தன். ஒரு பெம்பிளைப் பிள்ளை, சாருகாவாம், எடுத்து, அப்பாக்கு நாளைக்கு ரெண்டு மணிக்குத் திராமனிலை கோட் எண்டு சொல்லிச்சுது. அவர் அண்டைக்குப் பின்னேரம் முழுக்க என்னோடை இதுக்குள்ளைதான் இருந்தவர். நான் போய்ச் சொல்லாமல் வேறை ஆர் சொல்லுறது? பன்னிரண்டு மணி பஸ்ஸிலை போவம் எண்டு இருக்க, வாத்துகள் கத்த, பக்கத்துப் படகிலை ஒளிச்சு நிண்டு உங்களைக் கண்டனான். பொலிஸ் முன்கூட்டியே பிடிச்சால் எல்லாம் கெட்டுப் போகும். அதுதான் ரெண்டு மணி முடியுமட்டும் உங்களை உள்ளை வைப்பம் எண்டு பூட்டினன்." அவர் சட்டையைப் பார்த்தபடியே சொன்னார். "பூட்டினாப் பிறகுதான் நினைவு வந்தது. சேட்டும் பஸ்ஸுக்கு வைச்ச காசும் உள்ளை. திறக்கவும் ஏலாது, போகவும் ஏலாது. பாலத்திலை நிண்டு என்ன செய்யிறதெண்டு தெரியாமல் விறைச்சுக்கொண்டிருந்தனான்."

நான் வெடித்துச் சிரித்தேன். யதுர்ஷா சிரிக்கவில்லை. அவளுடைய கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சுக் கொள்ளுங்கோ அண்ணா. உங்களை நான் பிழையா நினைச்சிட்டன்."

"பரவாயில்லை தங்கச்சி. அப்பிடி நினைக்கிறதுதானே ஆக்களுக்குப் பழக்கம்."

பன்னிரண்டு பத்து. நான் யூனிபோம் ஜக்கெற்றைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த வெளிர்நீலச் சட்டையையும் கழற்றி அவரிடம் நீட்டினேன். நெஞ்சில் டாக்சிக் கம்பெனியின் அடையாளம் தைத்திருந்தது. வெறும் மேலில் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு திராமன் வரைக்கும் பனி வீதியில் ஊர்ந்து ஓட்டினேன். வழியில் பகிடி ஒன்றும் வரவில்லை.

இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்க நீதிமன்ற வாசலில் இறக்கினேன். வழக்கறிஞர் ஓடி வந்தார். கதவடியில் இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். லூர்து அவர்களைப் பார்த்தார், என் சட்டையின் பொத்தானைக் கழுத்து வரைக்கும் பூட்டினார், பிறகு கார்க் கண்ணாடியில் குனிந்தார்.

"அண்ணை, நான் இனித் திரும்பி வரமாட்டன். காலமையிலை ஐஸை உடைச்சு விடோணும். ஒரு நாள் விட்டாலும் படகை இறுக்கிப் போடும். அர்னே ஏப்பிரலிலைதான் வருவார். எனக்கு இடம் தந்த மனுசன்."

ஓம் என்று தலையாட்டினேன். அவர் உள்ளே போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு மண்வெட்டியோடு போனேன். வாத்துகள் ஆசை தீரத் திட்டின. பாலத்தின் கடைசிக்குப் போனால், படகைச் சுற்றி ஐஸ் ஏற்கெனவே உடைந்து மிதந்தது. கையில் துடுப்போடு ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பதிமூன்று நாள் தாடி. நான் நேரில் பார்த்திராத யோகலிங்கம்.

"எங்கை கொண்டு போட்டினம் அவனை?" என்று கேட்டார்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில், நாடு கடத்தப் போகிறவர்களை வைக்கிற தடுப்பு முகாமுக்கு என்று சொன்னேன். அவர் துடுப்பைக் கம்பத்தில் சாய்த்து வைத்தார். பிறகு பாலத்தில் வைத்திருந்த துணிப் பையைத் தூக்கினார். உள்ளே மூடி கட்டிய சட்டி, இன்னும் சூடாக இருந்தது.

"நேற்று வியாழன். குடுக்கேலாமல் போச்சு," என்றார். "உம்மடை டாக்சியிலை அங்கை போவமோ?"